கல்லீரலில் ஒன்று, மூளையில் நான்கு: ஜிம்மி கார்ட்டரின் மெலனோமா

2015 மே மாதம் ஜிம்மி கார்ட்டர் தென் அமெரிக்காவில் இருக்கிற கயானாவுக்குத் தேர்தல் பார்வையாளராகப் போயிருந்தார். அமெரிக்காவின் முன்னாள் அதிபர், அப்போது வயது 90. போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போய், பாதியிலேயே ஊர் திரும்பினார். நல்ல சளி. அதைக் காட்டத்தான் டாக்டரிடம் போனார். வந்தவரை முழுசாகவே பார்த்துவிடலாம் என்று அட்லாண்டாவில் எமோரி பல்கலைக்கழக மருத்துவமனையில் பரிசோதித்தபோது, கல்லீரலில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது.

அவர் வீட்டில் கேன்சர் புதிது இல்லை. அப்பா, தம்பி, தங்கைகள் இரண்டு பேர் என நாலு பேரும் கணையப் புற்றுநோயில் போனவர்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர், மனைவி ரோசலினிடமே ஜூன் நடுவில்தான் விஷயத்தைச் சொன்னார். கட்டி மெதுவாகத்தான் வளர்கிறது, கொஞ்ச நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை என்று டாக்டர்கள் சொல்ல, ஆகஸ்ட் 3 அன்று அறுவை சிகிச்சை நடந்தது. கல்லீரலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை எடுத்தார்கள். வெட்டி எடுத்ததைப் பரிசோதித்தால் அது கல்லீரல் புற்றும் இல்லை, குடும்பத்தில் வந்த கணையப் புற்றும் இல்லை. மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனோசைட் செல்களில் பிறக்கிற புற்று. உடம்பில் வேறெங்கோ தொடங்கித்தான் கல்லீரலுக்கு வந்திருக்க வேண்டும் என்று டாக்டர்கள் பலமாகச் சந்தேகப்பட்டார்கள். மெலனோமா என்றால் மூளையைப் பார்க்காமல் விடக்கூடாது, அதனால் தலைக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். நாலு புள்ளிகள், ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர்.

ஆகஸ்ட் 20 அன்று கார்ட்டர் செய்தியாளர்களைக் கூட்டி, இதையெல்லாம் தானே சொன்னார். இன்னும் சில வாரம்தான் என்று முதலில் நினைத்ததாகவும், ஆனாலும் மனசு ஆச்சரியப்படும்படி அமைதியாக இருந்ததாகவும் சொன்னார். நம்மூரில் நரம்புச் சிலந்தி என்று பேர் வாங்கிய கினிப்புழுவை ஒழிக்க முப்பது வருஷமாக வேலை செய்துவந்தவர் அவர். எனக்கு முன்னால் கடைசிக் கினிப்புழு சாக வேண்டும், அதுதான் ஆசை என்றார்.

இந்தக் கேஸை நான் நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. கேட்கிற இடத்திலெல்லாம் இது இரண்டு விதமாகத்தான் வருகிறது. ஒன்று, "ஒரே ஊசியில மூளைக் கேன்சர் குணமாயிடுச்சு." இன்னொன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிற வாக்கியம், "மூளைக்குப் போயிடுச்சாம், இனிமே ஒண்ணும் இல்லை." என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்று மூளைக்குப் போனபோது சொந்தக்காரர் ஒருவர் இந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் காதில் விழும்படியே சொன்னார். பெரியம்மா அதற்கப்புறம் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார், தன் கையால் சமைத்தார், பேத்தியின் காதுகுத்துக்குப் போய்வந்தார். முதல் வாக்கியம் பொய் நம்பிக்கை கொடுக்கிறது, இரண்டாவது வாக்கியம் சிகிச்சைக்குப் போக வேண்டிய ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. கார்ட்டருக்கு உண்மையில் என்ன நடந்தது என்று பார்த்தால் இரண்டுமே தப்பு என்று தெரியும்.

முதலில் பேரைச் சரியாகச் சொல்வோம். அவருக்கு இருந்தது மூளைக் கேன்சர் இல்லை. மூளைக்குப் பரவிய மெலனோமா. வார்த்தை விளையாட்டு இல்லை இது, சிகிச்சையே இதை வைத்துத்தான் மாறும். மூளையில் இருக்கிற அந்தப் புள்ளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் தெரிவது மூளைச் செல் இல்லை, மெலனோமாச் செல். நுரையீரலிலிருந்து போனால் அங்கே இருப்பது நுரையீரல் புற்றுச் செல், மார்பிலிருந்து போனால் மார்பகப் புற்றுச் செல். மூளையிலேயே பிறக்கிற புற்றுக் கட்டிகளைவிட இப்படி வெளியிலிருந்து வந்து உட்காருகிற கட்டிகள்தான் பெரியவர்களிடம் பல மடங்கு அதிகம். அதில் முன்னால் நிற்பவை நுரையீரல், மார்பகம், மெலனோமா. பிறகு சிறுநீரகமும் பெருங்குடலும்.

எப்படிப் போகிறது?

கட்டியிலிருந்து பிரிகிற செல், பக்கத்தில் இருக்கிற ரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைந்து ஓட்டத்தில் கலக்கிறது. அப்படிக் கலந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை செத்துப்போகும். ஓட்டத்தின் வேகமே கிழித்துவிடும், நோய் எதிர்ப்புச் செல்கள் பிடித்துத் தின்னும். தப்பிய கொஞ்சம் எங்கே போய்ச் சேரும்? நம் எடையில் மூளை வெறும் 2 சதவீதம், ஆனால் இதயம் தள்ளுகிற ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் அங்கேதான் போகிறது. ஆகவே போக்குவரத்து அதிகம், ஆகவே விழுவதும் அதிகம் என்று தோன்றும். இது பாதிதான் சரி. சிறுநீரகத்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு ரத்தம் போகிறது, அங்கே இப்படிப் பரவிப் பார்ப்பது குறைவு. புராஸ்டேட் புற்று எலும்பைத் தேடிப் போகும், மூளைத் திசுவுக்குள் வருவது அபூர்வம்.

லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 1889-இலேயே இதைக் கவனித்துவிட்டார். மார்பகப் புற்றில் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை வைத்துப் பார்த்து, இது கண்டபடி விழுவது இல்லை, விதை எந்த மண்ணிலும் விழலாம், தோதான மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். 1928-இல் ஜேம்ஸ் யூயிங் மறுத்தார், ரத்தம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகிறது, அவ்வளவுதான் என்றார். இன்றைக்குப் பார்த்தால் இரண்டு பேரும் சொன்னதில் உண்மை இருக்கிறது. செல் எங்கே சிக்குகிறது என்பது குழாயைப் பொறுத்தது, சிக்கியது வளருமா என்பது மண்ணைப் பொறுத்தது.

சிக்குகிற இடமும் பெரும்பாலும் தெரிந்த இடம்தான். மூளையின் மேல் பக்கத்துச் சாம்பல் நிறப் பகுதியும் உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதியும் சேர்கிற எல்லையில் ரத்தக் குழாய்கள் சட்டென்று குறுகுகின்றன. ஒரு நுண்குழாயின் அகலம் சிவப்பணு ஒன்று நெளிந்து போகிற அளவுதான், புற்றுச் செல் அதைவிட இரண்டு மடங்காவது பெரியது. கிளை பிரிகிற முக்கில் மாட்டிக்கொள்ளும். பரவுகிற கட்டிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பெருமூளையிலும், 15 சதவீதம் சிறுமூளையிலும், மீதி மூளைத் தண்டிலும் இருப்பது ரத்த ஓட்டத்தின் பங்கோடு ஒத்துப்போகிறது.

மாட்டினால் மட்டும் போதாது. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் இறுக்கமாக ஒட்டியிருக்கும். ரத்த–மூளைத் தடுப்பு என்பது இதுதான். அதைத் தாண்டி வெளியே வர வேண்டும், வந்தால் அங்கே ஆஸ்ட்ரோசைட் என்கிற மூளைச் செல்கள் வந்தவனைக் கொல்லப் பார்க்கும். 2010-இல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் எலியின் மண்டையோட்டில் ஒரு சிறு ஜன்னல் வைத்து, புற்றுச் செல்கள் மூளைக்குள் வருவதை நாள்கணக்கில், வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார்கள். கிளை முக்கில் மாட்டுவது, சீக்கிரமே சுவரைத் தாண்டி வெளியே வருவது, வந்தபின் ரத்தக் குழாயை விடாமல் ஒட்டிக்கொண்டே இருப்பது, அப்புறம் வளர்வது, இந்த நாலு படியில் ஒன்று தவறினாலும் செல் செத்தது. நுரையீரல் புற்று அங்கே புதுக் குழாய்களை வரவழைத்து வளர்ந்தது. மெலனோமா அப்படிச் செய்யவில்லை, ஏற்கெனவே இருக்கிற குழாயைச் சுற்றியே கொடிபோலப் படர்ந்தது. 2014-இல் நியூயார்க்கில் ஜோன் மசாகே குழு இன்னொன்றைக் காட்டியது. ஆஸ்ட்ரோசைட் பக்கத்திலிருந்து வருகிற பிளாஸ்மின் என்ற நொதி புற்றுச் செல்லைக் குழாயிலிருந்து பிய்த்துக் கொல்கிறது, பிழைக்கிற செல்லோ அந்த நொதியை முடக்குகிற புரதத்தைச் சுரந்துகொண்டு குழாயை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

மெலனோமாவுக்கு மூளைமேல் ஏன் இவ்வளவு பிரியம்? மெலனோசைட்டும் நரம்பு மண்டலத்தின் ஒரு பகுதியும் கருவில் நரம்பு முகடு என்கிற ஒரே திசுவிலிருந்து பிறந்தவை, அதனால் அந்த மண் அதற்குப் பழக்கப்பட்டதாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. கருத்துதான், முடிந்த முடிவு இல்லை.

இப்போது கார்ட்டரின் 2 மில்லிமீட்டரைப் பாருங்கள். ஒரு கடுகு அளவு. ஒரு கன மில்லிமீட்டரில் பத்து லட்சம் செல்கள் இருக்கலாம் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு, அதன்படி அந்தக் கடுகுக்குள் நாற்பது லட்சம் செல்கள். மூளைக்கு அது ஒன்றும் இல்லை. தலைவலி வராது, வலிப்பு வராது, கை மரத்துப்போகாது. எம்ஆர்ஐ எடுக்காமல் விட்டிருந்தால் அது பெரிதாகி, சுற்றி நீர்கோத்து, ஒருநாள் காலையில் பேச்சுக் குழறியபோதுதான் தெரிந்திருக்கும். இந்தக் கேஸில் பாதி வேலையை முடித்தது அந்த ஒரு ஸ்கேன் என்பது என் அபிப்பிராயம்.

என்ன செய்திருக்கலாம், என்ன செய்தார்கள்

மூளைக்குப் பரவிய கேன்சரில் வழக்கமாக முதலில் வருவது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. அது கட்டியை ஒழிப்பதற்கு இல்லை, கட்டியைச் சுற்றி இருக்கிற வீக்கத்தை வடிப்பதற்கு. படுத்தே கிடந்தவர் ஓரிரு நாளில் எழுந்து உட்காருவதைப் பார்த்துவிட்டு நோயே குணமாகிவிட்டது என்று மற்ற சிகிச்சையை நிறுத்துகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்யாதீர்கள்.

அடுத்தது அறுவை சிகிச்சை. ஒரே கட்டி, எட்டுகிற இடம் என்றால் இதற்குப் பலன் உண்டு. 1990-இல் ராய் பாட்செல் குழு வெளியிட்ட ஆய்வில், கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தவர்களின் நடுத்தர ஆயுள் (பாதிப் பேர் இதைத் தாண்டி இருந்தார்கள் என்று பொருள்) 40 வாரம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 15 வாரம். ஆனால் நாலு இடத்தில் கடுகு கடுகாக இருப்பதற்கு மண்டையைத் திறப்பதில் அர்த்தம் இல்லை.

பிறகு கதிர்வீச்சு. நம்மூர் நோயாளிகள் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். பல பத்தாண்டுகளாக இருந்த வழி முழு மூளைக்கும் வைப்பது, வழக்கமான அளவு 10 தடவையில் 30 கிரே (கதிர்வீச்சை அளக்கிற அலகு). கண்ணுக்குத் தெரியாத செல்லையும் சேர்த்து அடிக்கும், உண்மைதான். ஆனால் நல்ல மூளையும் அடிவாங்குகிறது. மாதங்கள் போகப்போக ஞாபகம் குறைகிறது, அடுப்பில் வைத்ததை மறப்பது, பேர் வராமல் தவிப்பது. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ஒன்றிலிருந்து மூன்று கட்டிகள் இருப்பவர்களுக்குக் குறிவைத்த கதிர்வீச்சு மட்டும் போதும், அதோடு முழு மூளைக்கும் வைத்தால் ஆயுள் கூடவில்லை, அறிவுத்திறன்தான் குறைகிறது என்று காட்டியது. முழு மூளைக்கும் வைக்க வேண்டிய நிலை இன்றும் வரும், ஏகப்பட்ட கட்டிகள் இருந்தால் வேறு வழி இல்லாமல் போகலாம். அப்போதுகூட ஹிப்போகேம்பஸ் என்ற ஞாபகப் பகுதியை விலக்கி வைக்க முடியுமா, ஞாபகத்தைக் காக்க மெமான்டின் மாத்திரை சேர்க்கலாமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பலன் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கார்ட்டருக்கு அந்த நாலு புள்ளிகளையும் குறிவைத்த கதிர்வீச்சு. செய்தியாளர் சந்திப்பு நடந்த அன்று பிற்பகலே தொடங்கியது. பல திசைகளிலிருந்து வருகிற மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் சேர்கின்றன, ஒவ்வொரு கதிரும் தான் கடந்து வருகிற மூளைக்குப் பெரிதாகக் கெடுதல் செய்யாது, சேர்கிற இடத்தில் மட்டும் பொசுக்கும். இந்த யோசனையை 1951-இல் முன்வைத்தவர் சுவீடனின் லார்ஸ் லெக்செல். 1968-இல் ஸ்டாக்ஹோமில் காமா நைஃப் பயன்பாட்டுக்கு வந்தது, கதிர்வீச்சை விடுகிற சுமார் 200 கோபால்ட் மூலங்களை அரைக்கோளமாக அடுக்கிய எந்திரம் அது. கத்தி என்று பேர், வெட்டு இல்லை. 2 சென்டிமீட்டருக்குள் இருக்கிற கட்டிக்கு ஒரே தடவையில் 20, 24 கிரே வரை கொடுப்பார்கள்.

இதை நான் பக்கத்திலிருந்து பார்த்தது பெரியம்மாவுக்கு முகமூடி செய்தபோதுதான். ஓட்டை ஓட்டையாக இருக்கிற வெள்ளை பிளாஸ்டிக் தகடு, கெட்டியாக இருந்தது. வெந்நீர்த் தொட்டியில் போட்டதும் அப்பளம்போல் துவண்டது. அதைத் தூக்கி, நீர் வடியவிட்டு, கண்ணை மூடிக்கோங்கம்மா என்று சொல்லி முகத்தின்மேல் போர்த்தி, மூக்கு, தாடை, நெற்றி எல்லாம் விரலால் அழுத்தி அமைத்தார் டெக்னீஷியன். சில நிமிஷத்தில் இறுகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அதை மாட்டி மேஜையோடு சேர்த்துக் கிளிப் போடுவார்கள், தலை ஒரு மில்லிமீட்டர்கூட அசையக்கூடாது. 2 மில்லிமீட்டர் புள்ளியை அடிக்கும்போது 1 மில்லிமீட்டர் விலகினால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்த இறுக்கம் புரியும். வெளியே வந்த பெரியம்மாவின் கன்னமெல்லாம் கட்டம் கட்டமாக அச்சு விழுந்திருந்தது. வலிக்குதா என்றேன். வலிக்கவில்லை, மூச்சு முட்டுற மாதிரி ஒரு பயம்தான், கையைப் பிடிச்சுக்க ஆள் இல்லையேன்னு இருந்துச்சு என்றார்.

மூன்றாவதாக வந்ததுதான் எல்லோரும் பேசுகிற அந்த ஊசி. பெம்புரோலிசுமாப், கம்பெனிப் பேர் கீட்ரூடா. அமெரிக்காவில் மெலனோமாவுக்கு அனுமதி கிடைத்தது 2014 செப்டம்பரில், அதாவது கார்ட்டருக்கு நோய் தெரிவதற்கு ஒரு வருஷம்கூட ஆகாத மருந்து. நோயை எதிர்க்கிற நம் டி செல்களில் பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. புற்றுச் செல் அந்தப் பிரேக்கை மிதித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. மருந்து அந்தப் பிரேக்கை மறைத்துவிடும், டி செல் மறுபடி வேலைக்கு இறங்கும். பிடி-1-ஐக் கண்டுபிடித்தது ஜப்பானில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கில் சிகிச்சைக்கு வழி கண்டவர் ஜேம்ஸ் அலிசன், இரண்டு பேருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். இந்த மருந்து ஒரு ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், ரொம்பப் பெரிய மூலக்கூறு, சாதாரண கீமோ மருந்தையே விடாத மூளைத் தடுப்பு இதை எப்படி உள்ளே விடும்? மருந்து பெரிதாக உள்ளே போக வேண்டியது இல்லை என்பதுதான் இதில் அழகு. வெளியே உசுப்பப்பட்ட டி செல்களால் தடுப்பைத் தாண்ட முடியும், போய்த் தேடுகிற வேலையை அவை செய்கின்றன. ஸ்டீராய்டு விஷயத்தை மேலே சொன்னதற்கு இதுவும் காரணம், அதிக அளவு ஸ்டீராய்டு அதே டி செல்களை அடக்கிவிடும், அதனால் இப்படி டி செல்களை உசுப்புகிற சிகிச்சை (இம்யூனோதெரபி) எடுக்கிறவருக்கு அதை எண்ணி எண்ணித்தான் கொடுப்பார்கள்.

கார்ட்டருக்கு 3 வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்பில் ஏற்றினார்கள். நவம்பர் தொடக்கத்தில் மெம்பிஸ் நகரில் ஏழைகளுக்கு வீடு கட்டுகிற வேலையில் ஒருநாள் முழுக்க நின்றார். டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை, சொந்த ஊரான ப்ளெயின்ஸில் தேவாலய வகுப்பில், இந்த வாரம் எடுத்த ஸ்கேனில் கேன்சரே இல்லை என்று சொன்னார், கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். மருந்தை உடனே நிறுத்தவில்லை. 2016 மார்ச்சில்தான் நிறுத்தினார்கள்.

எது குணமாக்கியது? பிரித்துச் சொல்ல முடியாது. 2 மில்லிமீட்டர் புள்ளியை அடக்கக் குறிவைத்த கதிர்வீச்சு மட்டுமே பெரும்பாலும் போதும். ஆனால் மெலனோமா அதோடு நிற்கிற ஜாதி இல்லை, அடுத்த ஸ்கேனில் புதிதாக நாலு காட்டும், கல்லீரலில் மறுபடி வரும். இந்த மாதிரி மருந்துகள் வராத காலத்தில், 2011-க்கு முன்னால், மூளைக்குப் பரவிய மெலனோமாவில் நடுத்தர ஆயுள் 4, 5 மாதம்தான். புதுப் புள்ளிகள் வராமல் இருந்ததற்கு மருந்துதான் காரணம் என்று நினைக்க நிறைய இடம் இருக்கிறது. 2018-இல் வந்த ஓர் ஆய்வில், மெலனோமா மூளைக்குப் பரவியும் தொந்தரவு தெரியாதவர்களுக்கு, இதே மாதிரிப் பிரேக்கை எடுக்கிற நிவோலுமாப், இபிலிமுமாப் மருந்துகள் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூளைக்குள் பலன் கிடைத்தது, நாலில் ஒருவருக்குக் கட்டிகள் முழுசாகவே மறைந்தன. மீதிப் பேருக்கு அப்படி ஆகவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கார்ட்டருக்குச் சாதகமாக இருந்தவை புள்ளிகள் சின்னவை, எண்ணிக்கை குறைவு, தொந்தரவு இல்லை, கல்லீரல் கட்டியை எடுத்தாயிற்று, ஆள் நடமாட்டத்தில் இருந்தார். 90 வயது மட்டும்தான் பாதகம், அதைக் காரணம் காட்டி யாரும் அவருக்குச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை.

நம்மிடம் மெலனோமா குறைவு. வந்தாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வந்து, ஆணி என்றோ அடிபட்ட கறுப்பு என்றோ விட்டுவிடுகிறோம். இங்கே மூளைக்குப் போவதில் அதிகம் பார்ப்பது நுரையீரலும் மார்பகமும். அதனால் "கார்ட்டருக்குக் கொடுத்த ஊசியைக் கொடுங்க" என்று டாக்டரிடம் கேட்பதில் பயன் இல்லை. நுரையீரல் புற்றில் இஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்தால் ஓசிமெர்டினிப், ஏஎல்கே மாற்றம் இருந்தால் அலெக்டினிப், இரண்டும் மூளைக்குள் போய் வேலை செய்கிற மாத்திரைகள், சில பேருக்குக் கரண்ட் வைப்பதையே தள்ளிப்போடலாம். ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த வகை மார்பகப் புற்றுக்கு டுகாட்டினிப் மாத்திரை 2020-இல் வந்தது. விலை பெரிய தடை, பெம்புரோலிசுமாப் ஒரு தடவைக்கே லட்சத்தைத் தாண்டும், நிலத்தை விற்று இரண்டு டோஸ் போட்டுவிட்டு நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். ஆகவே மருந்தின் பேரைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. எங்கிருந்து வந்தது, மூளையில் எத்தனை, எவ்வளவு பெரிது, எந்த இடம், மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா, உடம்பின் மற்ற இடங்களில் நோய் அடங்கியிருக்கிறதா. பெரியம்மாவுக்கு இந்த ஆறையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, கடைசியில் நோட்டை வாங்கித் தன் கையாலேயே மூளையை வரைந்து இரண்டு புள்ளி வைத்துக் காட்டினார்.

சிகிச்சை முடிந்தபின் 2, 3 மாதத்துக்கு ஒரு எம்ஆர்ஐ, அதை விடக்கூடாது. கதிர்வீச்சு வைத்த இடம் சில மாதம் கழித்து வீங்கி, கட்டி திரும்ப வந்ததுபோலவே ஸ்கேனில் காட்டுவது உண்டு. செத்த திசுவா, உயிருள்ள புற்றா என்று பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே சிரமம், அவசரப்பட்டு முடிவெடுக்காமல் இன்னொரு ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

கார்ட்டர் 2019-இல் சில தடவை கீழே விழுந்தார், மூளையைச் சுற்றி ரத்தம் கட்டி, நவம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. விழுந்ததால் வந்த ரத்தக் கசிவு அது, மெலனோமா இல்லை. 2023 பிப்ரவரியில் மருத்துவமனைக்கு அலைவதை விட்டுவிட்டு வீட்டிலேயே இருக்க முடிவெடுத்தார். அந்த நவம்பரில் ரோசலின் காலமானார். 2024 டிசம்பர் 29 அன்று, நாலு புள்ளிகளைப் பற்றி உலகத்துக்குச் சொல்லி ஒன்பது வருஷம் நாலு மாதம் கழித்து, அதே ப்ளெயின்ஸ் வீட்டில் கார்ட்டர் இறந்தார். 100 வயது.